சைக்கிளுக்கு முன்னால் உள்ள சாலை

எண்ணூர் விரைவுச் சாலையில் பிற்பகல் நேரத்தில் வடக்கு நோக்கிச் சைக்கிள் ஓட்டியவர்களுக்கு ஒரு விஷயம் உடம்பிலேயே பதிந்திருக்கும். வலது கைப்பக்கம் கடல். நண்பகலுக்குப் பிறகு கடற்காற்று ஏறத் தொடங்கியதும் அது நம்மை இடப்பக்கமாகத் தள்ளிக்கொண்டே இருக்கும். நாமும் அறியாமலேயே உடம்பைச் சற்று வலப்பக்கம் சாய்த்து, அந்தச் சாய்வில்தான் நேராகப் போய்க்கொண்டிருப்போம். அப்போது பின்னாலிருந்து ஒரு கன்டெய்னர் லாரி முந்துகிறது. ஐம்பது அடி நீளத்துக்கு ஓர் இரும்புச் சுவர் நமக்கும் கடலுக்கும் நடுவே வந்ததும் காற்று சட்டென்று அற்றுப்போகும். உடம்பின் சாய்வோ அப்படியே இருக்கும். எதிர்த்துத் தள்ளக் காற்று இல்லாததால் சைக்கிள் வலப்பக்கம், அதாவது லாரியின் பின்சக்கரங்கள் இருக்கும் பக்கம், ஓரடி ஒன்றரை அடி இழுத்துக்கொண்டு போகும். லாரி கடந்த மறுநொடியில் காற்று திரும்ப வந்து அறையும். இப்போது இடப்பக்கத்தில், மணல் சேர்ந்து கிடக்கும் ஓரத்தில் போய் விழப் பார்ப்போம்.

தண்டையார்பேட்டையிலிருந்து எண்ணூரில் உள்ள ஒரு தொழிற்சாலைக்கு இருபத்திரண்டு ஆண்டுகள் சைக்கிளில் போய் வந்தவன் நான். இரண்டாம் ஷிப்ட் வரும் வாரங்களில் இந்தக் காற்றோடு மல்லுக்கட்டிக்கொண்டுதான் வேலைக்குப் போவேன். என்னை முந்திச் சென்ற ஓட்டுநர்களின் கண்ணுக்கு நான் எப்படித் தெரிந்திருப்பேன் என்று அப்போதெல்லாம் யோசித்ததே இல்லை. ஓய்வு பெற்ற பிறகு ஓர் ஓட்டுநரே அதைச் சொன்னார்: "பகல்லயே போட்டுட்டு வர்றாருன்னு நெனைப்போம் சார்."

அவர் அப்படிச் சொன்ன இடம் மணலிப் பக்கத்தில் உள்ள ஒரு கன்டெய்னர் யார்டு. அங்கே வண்டிகளைக் கவனித்துக்கொள்ளும் என் அக்கா மகன், ஒரே மாதத்தில் தங்கள் டிரெய்லர்கள் இரண்டு சைக்கிள்களில் உரசிவிட்டதாகவும், இரண்டும் காயத்தோடு போனது யார் செய்த புண்ணியமோ என்றும் சொல்லி, "மாமா, நீங்க வந்து எங்க டிரைவருங்ககிட்ட ஒரு மணி நேரம் பேசுங்க" என்று கூப்பிட்டான். இரண்டு சம்பவங்களைப் பற்றியும் ஓட்டுநர்கள் சொன்ன வாசகம் ஒன்றுதான்: சைக்கிள்காரர் திடீரென்று குறுக்கே வந்துவிட்டார். அவர்கள் பொய் சொல்லவில்லை என்றே நான் நம்புகிறேன். கேபினில் இருந்து பார்த்தால் அது திடீரென்றுதான் நடந்திருக்கும். சைக்கிளில் இருந்தவருக்கு அது திடீர் இல்லை; அவர் விலகியதற்கான காரணம் பத்து நொடிகளாக அவருடைய கண்ணெதிரே சாலையில் கிடந்திருக்கும். சைக்கிளைப் பார்த்து ஓட்டுங்கள் என்று சொல்வதை விட்டுவிட்டு, சைக்கிளுக்கு முன்னால் உள்ள சாலையைப் பார்த்து ஓட்டக் கற்றுத்தர வேண்டும் என்று எனக்குத் தோன்றியது அங்கேதான்.

ஆனாலும் முதல் ஞாயிற்றுக்கிழமை நான் சொதப்பினேன். உலகில் ஆண்டுதோறும் சாலை விபத்துகளில் ஏறத்தாழ 11.9 லட்சம் பேர் இறக்கிறார்கள் என்றும், அவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் பாதசாரிகளும் சைக்கிள், பைக் ஓட்டுபவர்களுமே என்றும் உலக சுகாதார நிறுவனம் சொல்லும் கணக்கை ஒரு அட்டையில் எழுதிக்கொண்டு போய் நின்றேன். ஒன்பது ஓட்டுநர்கள் மரியாதையாகக் கேட்டார்கள். அதில் மூவர் மரியாதையாகத் தூங்கினார்கள். இரவெல்லாம் துறைமுக வரிசையில் காத்திருந்துவிட்டு வந்தவர்களிடம் அட்டையைத் தூக்கிக் காட்டினால் வேறென்ன நடக்கும்? நானாக இருந்தாலும் தூங்கியிருப்பேன். அடுத்த வாரம் அட்டையை வீட்டில் வைத்துவிட்டு, மூன்று பழைய சைக்கிள்களையும் ஒரு பை கோலமாவையும் எடுத்துக்கொண்டு போனேன்.

முதல் பயிற்சிக்குக் கோலமாவில் நீளமாக ஒரு கோடு. அதன் மேலேயே மெதுவாக ஓட்டிப் போக வேண்டும். பின்னால் நிற்பவர் கூப்பிட்டதும், வலது தோளுக்கு மேல் திரும்பிப் பார்த்து, அவர் எத்தனை விரல்களைக் காட்டுகிறார் என்று சொல்ல வேண்டும். எட்டுப் பேர் ஓட்டினார்கள், எட்டுப் பேரும் விரலைச் சரியாகச் சொன்னார்கள், எட்டுப் பேருடைய சைக்கிளும் கோட்டைவிட்டு வலப்பக்கம் போயிருந்தது. சக்கரத் தடம் மாவில் பதிந்திருந்ததால் யாராலும் மறுக்க முடியவில்லை. தலை திரும்பினால் தோள் திரும்பும். தோள் திரும்பினால் ஹேண்டில்பார் அந்தப் பக்கமே இழுக்கும். சைக்கிளில் பக்கக் கண்ணாடி கிடையாது. பின்னால் என்ன வருகிறது என்று தெரிந்துகொள்ள ஒரே வழி திரும்பிப் பார்ப்பது, திரும்பிப் பார்த்தால் ஓரடியாவது சாலையின் நடுப்பக்கம் போவது.

இங்கேதான் ஹாரன் பற்றிய பேச்சு வந்தது, அந்தப் பேச்சு முக்கால் மணி நேரம் ஓடியது. ஓட்டுநரைப் பொறுத்தவரை ஹாரன் அடிப்பது கடமை. அடித்துவிட்டால் அவர் பக்கத்துப் பொறுப்பு முடிந்தது. சைக்கிளில் இருப்பவருக்கோ, முதுகுக்குப் பின்னால் பத்தடியில் ஏர் ஹாரன் அலறும்போது, அது எந்தப் பக்கத்து வண்டி, எவ்வளவு பெரியது, இடத்தைக் கேட்கிறதா அல்லது முந்தத் தொடங்கிவிட்டதா என்பதெல்லாம் ஒன்றும் விளங்காது. தோள் குலுங்கும், தலை தானாகத் திரும்பும், சைக்கிள் வலப்பக்கம் வரும். அதாவது, எந்தப் பக்கம் வந்துவிடக் கூடாது என்று ஹாரன் அடிக்கப்பட்டதோ அந்தப் பக்கத்துக்கே அந்த ஹாரன் அவரை இழுத்துவருகிறது. தருமபுரிப் பக்கத்திலிருந்து வந்து பத்து வருடமாக டிரெய்லர் ஓட்டும் ஒருவர், மாவுக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அப்ப எங்கதான் சார் அடிக்கிறது?" என்று கேட்டார். தொலைவிலேயே, சின்னதாக ஒரு தடவை. பக்கத்தில் வந்த பிறகு வேண்டாம். இடம் இல்லையென்றால் முந்தவே வேண்டாம். இதற்கு மேல் எனக்கும் தெரியாது என்றேன். அந்தப் பதில் அவருக்குத் திருப்தி தரவில்லை. துறைமுகச் சாலையில் முந்தாமல் சைக்கிளுக்குப் பின்னாலேயே ஊர்ந்தால் தனக்குப் பின்னால் வருபவன் சும்மா விடுவானா என்றார். அது நியாயமான கேள்விதான்.

காத்திருப்பதன் கணக்கை ஒரு முறை போட்டுப் பார்த்தோம். லாரி மணிக்கு 60 கி.மீ., சைக்கிள் மணிக்கு 15 கி.மீ. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு 45 கி.மீ.; நொடிக்கு 12.5 மீட்டர். 50 மீட்டருக்கு முன்னால் ஒரு சைக்கிளைப் பார்த்தால் அதை எட்டிப் பிடிக்க 4 நொடிகள் ஆகும். அந்த 4 நொடிகளில் சைக்கிள் ஏறத்தாழ 17 மீட்டர் முன்னே போயிருக்கும். ஆகவே, லாரி சைக்கிளைத் தொடப்போகும் இடம் இப்போது சைக்கிள் இருக்கும் இடம் இல்லை. அதற்கு 17 மீட்டர் தள்ளி உள்ள இடம். அங்கே என்ன இருக்கிறது? ஓரத்தில் நிறுத்திய டிரெய்லர் இருந்தால், நீங்கள் அங்கே சேரும் அதே நொடியில் சைக்கிள் அதைச் சுற்றிக்கொண்டு உங்கள் வழிக்குள் வந்திருக்கும். பாதாளச் சாக்கடை மூடி இருந்தாலும், மழைத்தண்ணீர் தேங்கி இருந்தாலும், எதிர்த்திசையில் ஒரு பைக் ஓரமாக வந்துகொண்டிருந்தாலும் கதை அதேதான். ஓட்டுநர்கள் கணக்கில் புலிகள். டீசல், டிரிப், பேட்டா என்று எல்லாவற்றையும் மனக்கணக்காகப் போடுபவர்கள். இந்தக் கணக்கு மட்டும் அட்டை இல்லாமலே அவர்களிடம் ஒட்டிக்கொண்டது.

வட சென்னைச் சாலைகளின் இடது ஓரம் எப்படிப்பட்டது என்பதைக் கேபினின் உயரத்திலிருந்து பார்த்தால் புரியாது. மேலேயிருந்து பார்க்க அது காலியாக, தாராளமாகத் தெரியும், "இவ்ளோ எடம் இருக்கே, ஓரமா போனா என்ன?" என்று தோன்றும். கீழே அது வேறு நாடு. லாரிகளிலிருந்து சிந்திய ஜல்லியும் நிலக்கரித் தூளும், காற்று கொண்டுவந்து சேர்த்த மணலும் அங்கே படிந்திருக்கும். சாலையை மேலே மேலே போட்டுக்கொண்டே போனதில் சில மூடிகள் பள்ளத்தில் கிடக்கும், சில மேட்டில் நிற்கும். மழைநீர்க் கம்பி வலையின் இடைவெளி சக்கரத்தின் போக்கிலேயே அமைந்திருந்தால் முன்சக்கரம் உள்ளே இறங்கி அப்படியே நின்றுவிடும். ஆள் மட்டும் போவார். இதற்காக யார்டின் ஒரு மூலையில் மணலைக் கொட்டி, அதன் மேல் சைக்கிளைத் திருப்பச் சொன்னோம். முப்பது சக்கர வண்டியைக் கண்ணாடி பார்த்தே பின்னுக்கு எடுத்து நிறுத்துகிற ஒரு மனிதர், இரண்டாவது முயற்சியில் சரிந்து முட்டியைச் சிராய்த்துக்கொண்டார். எழுந்து, சிரித்துக்கொண்டே, சின்ன வயதில் குரங்குப் பெடல் போட்டுக் கற்றுக்கொண்டபோது விழுந்ததற்குப் பிறகு இப்போதுதான் விழுகிறேன் என்றார். அங்கிருந்த எல்லோருமே சைக்கிளில் வளர்ந்தவர்கள். பாதிப்பேர் பள்ளியில் அரசு தந்த விலையில்லா மிதிவண்டியில் போனவர்கள். கேபினில் ஏறிய பிறகு அது மறந்துபோயிருந்தது, அவ்வளவுதான்.

எல்லாவற்றையும்விட அதிகம் பேசவைத்தது இடது திருப்பம். நீளமான டிரெய்லர் இடப்பக்கம் திரும்ப வேண்டுமென்றால் முதலில் சற்று வலப்பக்கம் ஒதுங்கித்தான் திரும்பும். அந்த ஒதுக்கத்தில் இடப்பக்கம் ஓர் இடைவெளி திறக்கும். பின்னால் வரும் சைக்கிள்காரர், வண்டி வலப்பக்கம் போகிறது என்று நினைத்து, அந்த இடைவெளிக்குள் போய்விடுவார். பிறகு வண்டி இடப்பக்கம் திரும்பத் தொடங்கும்; முன்சக்கரம் போன வழியில் பின்சக்கரம் போகாது, உள்ளே வெட்டிக்கொண்டு வரும். இது ஓட்டுநர்களுக்குத் தெரியாத விஷயமா என்ன? சந்திப்பின் மூலையில் உள்ள நடைமேடைக் கல்லில் டயர் உரசாமல் எடுப்பதே அவர்களுடைய வித்தை. ஆனால் எவ்வளவு வெட்டுகிறது என்பதை வெளியே நின்று பார்த்தவர்கள் குறைவு. ஒருவர் வண்டியை மெல்லத் திருப்ப, மற்றவர்கள் முன்சக்கரத் தடத்தின் மேல் ஒரு மாவுக் கோடும், கடைசிப் பின்சக்கரத் தடத்தின் மேல் ஒரு மாவுக் கோடும் போட்டுக்கொண்டே வந்தார்கள். திருப்பத்தின் நடுவில் இரண்டு கோடுகளுக்கும் இடையே ஒருவர் கால் நீட்டிப் படுத்துப் பார்த்தார். தலையும் தொடவில்லை, காலும் தொடவில்லை. கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. படுத்தவரும் அவசரமாக எழுந்துவிட்டார்.

அதே இடத்தில்தான் டீக்காரரைக் கூப்பிட்டோம். கேரியரில் டீ கேனைக் கட்டிக்கொண்டு, டிரெய்லர் வரிசை நெடுக இரவும் பகலும் சைக்கிளில் போய் வருபவர் அவர். அங்கிருந்த எல்லோருக்கும் அவரைத் தெரியும், சிலருக்கு அவரிடம் கணக்கும் பாக்கி இருந்தது. அவரை அவர் வழக்கமாக நிற்கும் இடத்திலேயே, கேபினின் இடது முன்மூலைக்குப் பக்கத்தில், சைக்கிளோடு நிற்கச் சொல்லிவிட்டு நான் ஓட்டுநர் இருக்கையில் ஏறி உட்கார்ந்தேன். இடது ஜன்னலில் தெரியவில்லை. கண்ணாடியில் தெரியவில்லை. முன்பக்கக் கண்ணாடி வழியாக எழுந்து நின்று எட்டிப் பார்த்தபோதுதான் கேனின் மூடி தெரிந்தது. நம் நாட்டில் ஓட்டுநர் உட்காருவது வலப்பக்கம், சைக்கிள் போவது இடது ஓரம். வண்டியின் குருட்டுப் பக்கமும் சைக்கிளின் பக்கமும் ஒன்றாகவே அமைந்துவிட்டன. முன்பெல்லாம் இந்தக் குறையை நிரப்பியவர் கிளீனர். இடது ஜன்னலில் தலையை நீட்டி, கதவைத் தட்டி, "ஆளு, ஆளு, ஓல்டான்" என்று கத்திக்கொண்டு வருவார். செலவு கட்டுப்படியாகாமல் கிளீனர் இல்லாமலே ஓடும் டிரெய்லர்கள் இப்போது நிறைய. அந்த இடது ஜன்னலில் இருந்த இரண்டு கண்களும் போய்விட்டன. அவற்றுக்குப் பதிலாக எதுவும் வரவில்லை.

லண்டனில் இதையே விதியாக்கியிருக்கிறார்கள். 12 டன்னுக்கு மேற்பட்ட லாரிகள், ஓட்டுநர் இருக்கையிலிருந்து நேரடியாக எவ்வளவு பார்க்க முடிகிறது என்பதை அளந்து தரப்படும் நட்சத்திரக் குறியீட்டின் அடிப்படையில் அனுமதி பெற்றிருக்க வேண்டும். 2021 மார்ச்சிலிருந்து அது நடைமுறையில் இருக்கிறது, 2024 அக்டோபரில் இன்னும் கடுமையாக்கப்பட்டது. லாரி ஓட்டுநர்களுக்கான பயிற்சி வகுப்பில் அவர்களையே சைக்கிளில் ஏற்றிச் சாலைக்கு அழைத்துப்போகும் வழக்கமும் அங்கே உண்டு. காவல்துறையினர் சைக்கிள் ஓட்டுபவர்களை லாரியின் ஓட்டுநர் இருக்கையில் உட்காரவைத்துக் காட்டும் நிகழ்ச்சிகளும் நடந்திருக்கின்றன. நாங்கள் கோலமாவை வைத்துக்கொண்டு கண்டுபிடித்ததாக நினைத்ததை அவர்கள் ஏற்கெனவே செய்துகொண்டிருக்கிறார்கள் என்பது பிறகு படித்தபோதுதான் தெரிந்தது. கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருந்தது.

இங்கே இதற்கு இடம் இல்லாமல் இல்லை. எரிபொருளும் ரசாயனமும் ஏற்றும் டேங்கர்களின் ஓட்டுநர்களுக்கு, மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989-இன் 9-ஆம் விதி தனிப் பயிற்சியைக் கட்டாயமாக்கியிருக்கிறது. மூன்று நாள் பாடத்திட்டம். தற்காப்பு ஓட்டுமுறையும் அதில் ஒரு பகுதி. சுத்திகரிப்பு ஆலையும் உர ஆலையும் உள்ள மணலியில் அந்தப் பயிற்சி முடித்த ஓட்டுநர்கள் ஏராளம். அந்த மூன்று நாளில் ஒரு மணி நேரம் சைக்கிள் சீட்டில் கழிந்தால் என்ன குறைந்துவிடும்? சாதாரண உரிமத்தைப் பற்றி என்ன சொல்ல. காருக்கு நான் எச் போட்டேன், பைக்குக்கு என் மகன் எட்டு போட்டான். கோட்டைத் தொடாமல் திரும்பத் தெரிந்ததும் எங்கள் இருவருக்கும் உரிமம் வந்துவிட்டது. மைதானத்தில் போட்டிருந்த கோடு அசையாது. சாலையில் பக்கத்தில் போகும் சைக்கிள் அசையும் என்பதை எங்களிடம் யாரும் கேட்கவில்லை.

கார் வைத்திருப்பவர்களும் இதைப் படிப்பீர்கள் என்பதால் கதவைப் பற்றி ஒன்று. நான் சைக்கிளில் பெரிதாக அடிபட்டது ஒரே ஒரு முறை. அது லாரியால் இல்லை. திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் நின்றுகொண்டிருந்த ஒரு காரின் வலது கதவு என் முகத்துக்கு நேரே திறந்தது. மணிக்கட்டு முறிந்து ஆறு வாரம் கட்டுப் போட்டிருந்தேன். கதவைத் திறந்தவர் நல்ல மனிதர், ஆட்டோவில் ஏற்றி மருத்துவமனைக்குக் கொண்டுபோனதும் அவரே. கண்ணாடியைப் பார்க்க மறந்துவிட்டேன் என்று திரும்பத் திரும்பச் சொன்னார். நெதர்லாந்தில் சொல்லித்தரும் எளிய பழக்கம் ஒன்று உண்டு: கதவுக்குத் தொலைவில் உள்ள கையால் கதவைத் திறப்பது. நம் கார்களில் ஓட்டுநர் இடது கையை நீட்டி வலது கதவைத் திறக்க வேண்டும். அப்படி நீட்டும்போது உடம்பு தானாகவே திரும்பி, கண் பின்பக்கச் சாலையைப் பார்த்துவிடும். நினைவில் வைத்துக்கொள்ள வேண்டிய வேலையைக் கையே செய்துவிடுகிறது. பிரிட்டனின் சாலை விதிநூலில் இந்த அறிவுரையை 2022-இல் சேர்த்தார்கள். மணிக்கு 30 மைல் வரையான வேகத்தில் சைக்கிளை முந்தும்போது குறைந்தது 1.5 மீட்டர் இடைவெளி விட வேண்டும் என்பதும் அதே திருத்தத்தில் வந்தது. யார்டில் அந்த 1.5 மீட்டரையும் காட்டினோம். பழைய டயர்களை வரிசையாக அடுக்கி, அதற்குப் பின்னால் ஓட்டுநர் ஒருவரைச் சைக்கிளோடு நிற்கவைத்து, அவருடைய நண்பரே டிரெய்லரை 20 கி.மீ. வேகத்தில் ஓட்டிக்கொண்டு போனார். நின்றவர் இரண்டடி பின்வாங்கினார். இதைவிட நெருக்கமாகத்தான் தினமும் போகிறோம் என்று அவரே சொன்னதால் நான் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

சைக்கிளுக்குத் தனிப் பாதை போடாமல் ஓட்டுநர்களுக்குப் பாடம் எடுத்து என்ன பயன் என்று நண்பர் ஒருவர் கேட்டார். பாதை வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் இன்று இரவும் அந்த டீக்காரர் அதே வரிசையின் ஓரமாகத்தான் போவார். ஓட்டுநர்கள் கேட்ட இன்னொரு கேள்வி எனக்குச் சங்கடமாக இருந்தது: விளக்கும் இல்லாமல், ஒளிரும் பட்டையும் இல்லாமல், ராத்திரியில் கறுப்புச் சட்டையோடு வருகிறவருக்கு யார் சொல்லித்தருவது? அதற்குப் பதில் சொன்னவர் முட்டியைச் சிராய்த்துக்கொண்டவர். தம் வண்டிக்கு ஒட்டியது போக மீந்திருந்த பட்டைகளை எடுத்துவந்து, லாரிக்குப் பின்னால் சிவப்பு, பக்கவாட்டில் மஞ்சள், முன்னால் வெள்ளை என்று ஒட்டும் அதே முறையில், டீக்காரரின் பின் மட்கார்டில் சிவப்பும், பெடலிலும் டீ கேனின் இரு பக்கமும் மஞ்சளும், ஹேண்டில்பாரில் வெள்ளையும் ஒட்டிவிட்டார். இப்போது அது சைக்கிள் மாதிரி இல்லை, சின்ன டிரெய்லர் மாதிரி இருக்கிறது என்று டீக்காரர் குறைப்பட்டுக்கொண்டார், ஆனால் கிழிக்கவில்லை.

அடுத்த வகுப்பு வரும் மாதத்து முதல் ஞாயிற்றுக்கிழமை காலை. இந்த முறை பக்கத்து யார்டிலிருந்தும் ஏழெட்டுப் பேர் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள், மூன்று சைக்கிள் போதாது. உங்கள் வீட்டு மாடிப்படிக்குக் கீழே பழைய சைக்கிள் துருப்பிடித்துக் கிடந்தால் சொல்லுங்கள், நானே வந்து எடுத்துக்கொள்கிறேன். பெயின்ட், பெல், கேரியர் எதுவும் முக்கியமில்லை. பிரேக் மட்டும் பிடித்தால் போதும். அதுவும் பிடிக்காவிட்டால் ராயபுரத்தில் எனக்குத் தெரிந்த மெக்கானிக் ஒருவர் இருக்கிறார்.